பூங்கா இடத்துக்கு எங்கள் பங்கு மூன்று லட்சம்: வீட்டுக்கு வீடு வசூலிப்பதா, மனைக்கு மனையா?

மனைப்பிரிவுச் செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சிக்கு உட்பட்ட மனைப்பிரிவில் குடியிருக்கிறோம். மொத்தம் 86 மனை. 64 வீடு வந்துவிட்டது, 22 மனை காலி. லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் நடுவில் இருக்கிறது. தானப் பத்திரம் எழுதிப் பேரூராட்சியிடம் கொடுத்து வருடக்கணக்காகிறது. இன்றுவரை சீமைக்கருவேலம்தான் வளர்கிறது. கோழிக்கடைக் கழிவை ராத்திரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். போன மழைக்காலத்தில் பந்து எடுக்க உள்ளே போன ஆறாம் வகுப்புப் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். அந்த வாரமே சங்கத்தில் கூட்டம் போட்டோம்.

நமக்கு நாமே திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. கம்பி வேலி, நடைபாதை, ஒரு போர்வெல், ஆறு விளக்கு, எல்லாம் சேர்த்து உத்தேசமாக 9 லட்சம் ஆகும் என்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு நாங்கள் கட்ட வேண்டும். அதாவது 3 லட்சம்.

இப்போது சண்டை பிரிப்பதில்தான். 64 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 4,700 ரூபாய் வரும். 86 மனைக்கும் பிரித்தால் 3,500. காலி மனைக்காரர்கள் பாதிப்பேர் பெங்களூரிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள், போன் எடுப்பதில்லை. வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்கலாமா என்று இன்னொரு கேள்வி. இதைச் செய்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்களுக்கு இது முதல் தடவை.

பழைய ஓவர்சியர்

தம்பி, நான் பேரூராட்சிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தத் திட்டம் 1997-98இல் வந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021-22இல் திரும்பவும் நமக்கு நாமே என்று நகர்ப்புறத்துக்கு 300 கோடி, ஊரகத்துக்கு 100 கோடி ஒதுக்கி ஆரம்பித்தார்கள். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும்.

வசூலை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தத் தானப் பத்திரத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். பத்திர எண், சர்வே எண், சதுர அடி மூன்றையும் லேஅவுட் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் உள்ளாட்சியின் பெயரில் சுத்தமாக இருந்தால்தான் அங்கே அரசுப் பணம் இறங்கும். எத்தனையோ மனைப்பிரிவில் பூங்கா என்று காட்டிய இடத்தில் ஒரு ஓரம் யாராவது மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்கள். அது தெரியாமல் வசூலை ஆரம்பித்துவிட்டு, பாதியில் வேலை நின்று, பணம் கொடுத்தவர்கள் சங்கத்துக்காரர்களை வீட்டு வாசலில் வந்து கேட்பதை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மனு. சங்கத்தின் தீர்மானத்தையும் கையெழுத்துகளையும் இணைத்துச் செயல் அலுவலரிடம் கொடுத்து, பதிவு செய்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பொறியாளர் வந்து இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். நீங்கள் சொல்லும் 9 லட்சம் வாய்க்கணக்கு. எஸ்டிமேட் அரசின் விலைப் பட்டியல்படி வரும், அதன் மேல் ஜிஎஸ்டி ஏறும். அந்தத் தொகை தெரிந்த பிறகு பங்குத்தொகையைப் பிரித்தால்தான் இரண்டாவது தடவை கை நீட்ட வேண்டியிருக்காது. எந்தக் காரணத்துக்காகவும் தனி ஆள் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கு, அங்கிருந்து வரைவோலை, அதற்கு ரசீது.

வரி கட்டுபவன்

எனக்கு இதில் அடிப்படையிலேயே உடன்பாடு இல்லை. சொத்துவரி கட்டுகிறோம், குடிநீர்க் கட்டணம் கட்டுகிறோம். மனை வாங்கும்போதே பூங்காவுக்கு விட்ட இடத்தின் விலையும் சேர்த்துத்தான் சதுர அடி விலை போட்டார்கள். ஆக அந்த இடத்துக்கு நாம் ஒரு தடவை பணம் கொடுத்தாகிவிட்டது. அதைப் பராமரிப்பது உள்ளாட்சியின் கடமை. மக்களே மூன்றில் ஒரு பங்கு போடுங்கள் என்றால், போட முடிந்த தெருவுக்குப் பூங்கா வரும், போட முடியாத தெருவுக்குக் கருவேலம்தான். இது எப்படி நியாயம்?

கோபத்தில் எழுதவில்லை. எங்கள் தெருவில் சாக்கடை கட்ட இதே மாதிரி வசூல் பேச்சு வந்தபோது நான் தராமல் இருந்தேன். பக்கத்து வீட்டாரோடு பேச்சு நின்று மூன்று வருடமாகிறது.

அவதானப்பட்டி வழி

நான் கிருஷ்ணகிரி பக்கம். எங்கள் பகுதியில் வசூலித்து, கட்டி முடித்து, திறப்பு விழாவும் நடத்திவிட்டோம். பணம் சேர்ப்பது பெரிய வேலை என்று நாங்களும் அப்போது நினைத்தோம். பெரிய வேலை அதற்கு அப்புறம்தான் வந்தது.

பேவர் பிளாக் நடைபாதை, புல்தரை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் என்று அழகாக இருந்தது. முதல் ஐந்து மாதம் சாயந்திரம் உட்கார இடம் கிடைக்காது. அப்புறம் போர் மோட்டார் எரிந்தது. ஒப்பந்ததாரர் பழுது பார்த்துத் தர வேண்டிய காலம் ஒன்று ஒப்பந்தத்தில் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குள் கூடிப் பேசியபோது காலம் தாண்டிவிட்டது. மோட்டாரைத் தூக்கி காயில் கட்ட யார் பணம் கொடுப்பது என்று நான்கு மாதம் பேசினோம். அதற்குள் புல் கருகிவிட்டது. ஏப்ரல், மே மாதத்தில் நம் பக்கத்து வெயில் தெரியும்தானே. நட்டது 60 கன்று, பிழைத்தது 11. அந்தப் பதினொன்றும் வேம்பும் புங்கனும். கடையில் வாங்கி வைத்த பூச்செடி ஒன்றுகூட இல்லை.

அதனால் உங்கள் எஸ்டிமேட்டில் இரண்டு மாற்றம் சொல்கிறேன். போர் போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர்களின் போர் எத்தனை அடி, தண்ணீர் நிற்கிறதா என்று கேளுங்கள். ஆயிரம் அடி போயும் புகை மட்டும் வந்த இடங்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். பாறை அப்படி. புல்தரையே வேண்டாம். கிராவல் அடித்து உருட்டிய மண் பாதை போதும், பெரியவர்களின் மூட்டுக்கும் அதுதான் நல்லது. மழைத்தண்ணீர் இடத்தைவிட்டு வெளியே போகாதபடி ஓரத்தில் குழி எடுங்கள். உட்கார சிமெண்ட் பெஞ்சு வாங்காதீர்கள். எங்கள் பக்கம் கிரானைட் பாலீஷ் பட்டறைகளில் ஓரம் வெட்டிய பலகைக் கல் குவிந்து கிடக்கிறது. கேட்டால் லாரி வாடகைக்கே தருகிறவர்கள் இருக்கிறார்கள். நூறு வருடம் ஆனாலும் அந்தக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

மனைப்பிரிவுச் செயலாளர்

ஓவர்சியர் ஐயா, தானப் பத்திரத்தின் நகல் எங்களிடம் இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் வாங்கவில்லை. நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறேன்.

வரி கட்டுபவன் சார், நீங்கள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அதையேதான் நினைத்தேன், நம் இடம், நம் வரி, நம் பிள்ளை. ஆனால் எங்கள் மனைப்பிரிவு வந்த நாளிலிருந்து எத்தனை மனு கொடுத்தோம் என்று எனக்குத் தெரியும். இன்னொரு மழைக்காலத்துக்கு முன் அந்த முள்ளைக் களைந்தாக வேண்டும்.

பென்னாகரத்துப் பெண்

படித்துக்கொண்டே வந்தேன். நான் சொல்வது தப்பாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

நாங்கள் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஊராட்சிதான், பேரூராட்சி இல்லை. எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்களின் பல்லைப் பார்த்தாலே தெரியும். பழுப்பேறி, கோடு விழுந்து இருக்கும். ஃபுளோரைடு. என் பெரியம்மாவுக்கு முதுகு நிமிராது. அந்தத் தண்ணீரைத்தான் வாழ்நாள் முழுக்கக் குடித்தார்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறையும்.

ஆனால் தண்ணீர் வந்தது எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. மேட்டில் இருக்கும் காலனிக்கு அழுத்தம் போதாமல், அங்கிருந்த பெண்கள் பழைய கைப்பம்புக்கே போனார்கள். சில வருடம் கழித்து ஊரில் ஒரு திட்டத்துக்குப் பேச்சு வந்தபோது, மந்தைவெளிக்குப் பேவர் பிளாக் போடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பங்குத்தொகை போடுகிறவர்கள் அவர்கள்தானே. காலனியில் யாரும் அந்தப் பேச்சுக்கே வரவில்லை, ஏனென்றால் யாரும் கூப்பிடவில்லை.

மகளிர் குழுவில் நாங்கள் 17 பேர் கலந்து பேசி, அக்டோபர் 2 கிராம சபைக்குக் காலனிப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் ஊர் மாதிரி 500க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும். அன்றைக்கு நாங்கள் போகாமல் இருந்தால் அந்த நூறே சேர்ந்திருக்காது. காலனிக்குத் தனியாக ஒரு மேல்நிலைத் தொட்டி என்று எழுந்து சொன்னோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதைப் படித்துக் காட்டச் சொன்னோம். படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. பதினைந்தாவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் தொட்டி வந்தது. 14 மாதம் ஆனது, யாரும் பங்குத்தொகை கட்டவில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் 64 வீட்டைத் தாண்டி, பூங்கா வேலிக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளைகள் உள்ளே வரலாமா? வேலிக்குக் கேட் எந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள்?

வாடகை வீடு

அந்த அக்கா கேட்டது என்னைத் தைத்தது. நான் உங்கள் மாதிரி ஒரு மனைப்பிரிவில் வாடகைக்கு இருக்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட மாட்டார்கள், வசூலுக்கு மட்டும் வருவார்கள். சிப்காட்டில் வேலை, மாதம் 18,000 சம்பளம், அதில் வாடகை 5,500. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவன் நிரந்தரமான சொத்துக்கு எப்படி 3,500 கொடுப்பான்? அது வீட்டு உரிமையாளர் கொடுக்க வேண்டியது. மனை விலை ஏறினால் அவருக்குத்தானே.

ஆனால் என்னால் கை கொடுக்க முடியும். முள் வெட்டக் கூப்பிட்டால் வருவேன். கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முறை போட்டால் என் முறையைச் செய்வேன். கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அது போதும்.

ஓசூர் ஷிப்ட்

நான் காலி மனைக்காரன். இந்த மனைப்பிரிவு இல்லை, ஆனால் நிலைமை ஒன்றுதான். போன் எடுக்காததற்குக் காரணம், சங்கத்திலிருந்து போன் வந்தாலே பணம் என்பதுதான். என்ன வேலை, எவ்வளவு எஸ்டிமேட், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம் வாட்ஸப்பில் அனுப்பினால் பாதிப்பேர் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படி அனுப்பினார்கள், அன்றே கட்டினேன்.

இன்னொன்று. எங்கள் ஊரில் நான் தனியாக 50,000 தருகிறேன், நுழைவாயிலில் அப்பா பெயர் போடுங்கள் என்று கேட்டேன். கூட்டத்தில் முடியாது என்றார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 31 வருடம் வாத்தியார். பெயர் வைப்பதில் என்ன தப்பு?

பழைய ஓவர்சியர்

ஓசூர் தம்பி, தப்பு ஒன்றுமில்லை, உங்கள் அப்பா பெயர் நிலைக்க வேண்டியதுதான். ஆனால் அது உள்ளாட்சியின் இடம். அதற்குப் பெயர் வைப்பது மன்றத்தின் தீர்மானத்தில் வரும் விஷயம், சங்கம் கொடுக்கக்கூடிய வாக்குறுதி இல்லை. இன்னொன்றும் உண்டு. 50,000 கொடுத்தவர் பெயர் கல்லில் இருந்தால், 500 கொடுத்த கிழவி அடுத்த தடவை எதற்கும் கொடுக்க மாட்டாள். நான் பார்த்தவரை, மொத்தமாக ஒருவர் கொடுத்த இடத்தைவிடப் பலபேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த இடம்தான் பத்து வருடம் கழித்தும் சுத்தமாக இருந்தது. பலபேர் கண் அதன் மேல் இருக்கும்.

ஊரகப் பிரிவில் வேறொரு விதியும் உண்டு. மக்கள் பங்கு பாதிக்கு மேல் போனால், பங்களித்தவர்களே வேலையை எடுத்துச் செய்யலாம். பாதிக்குக் கீழே என்றால் டெண்டர்தான். இதில் ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள். செய்த வேலைக்கு அளவெடுத்து, பில் போட்டு, பணம் வரும்வரை சிமெண்ட் கடைக்காரருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அளவு நாடா

ஓவர்சியர் ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். டெண்டரில் வேலை நடந்தாலும் நாம் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. பணி உத்தரவின் நகலையும் எஸ்டிமேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)இல் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப்போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை முடிந்ததும் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். எந்த நாளில் எத்தனை மீட்டர் அளந்தார்கள் என்பது அதில் இருக்கும்.

நான் செய்தது இதுதான். எங்கள் தெருவில் கான்கிரீட் போட்டபோது எஸ்டிமேட்டில் 15 சென்டிமீட்டர் கனம். காலையில் பால் வாங்கப் போகும்போது ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஓரிடத்தில் 11. சண்டை போடவில்லை. போட்டோ எடுத்து, மேஸ்திரியிடம் எஸ்டிமேட்டைக் காட்டி, அண்ணா இங்கே குறைகிறது என்று மட்டும் சொன்னேன். அன்று சாயந்திரமே சரி செய்தார்கள். காங்கிரீட் இறுகின பிறகு கேட்டிருந்தால் வருடம் முழுக்க மனுதான்.

வரி கட்டுபவன்

பென்னாகரத்து அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு இவற்றுக்கு மக்களிடம் கை நீட்டவே கூடாது. அதில் நான் மாறவில்லை. நிதிக் குழுப் பணம் இருக்கிறது, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருடம் 3 கோடி இருக்கிறது, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி இருக்கிறது. இதற்கெல்லாம் பங்குத்தொகை கிடையாது. பூங்கா மாதிரி ஒன்றுக்கு விருப்பப்பட்டவர்கள் பங்கு போடுவதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தராதவர் வீட்டுப் பிள்ளையை உள்ளே விடாதே என்ற பேச்சு ஒருநாளும் வரக்கூடாது. எங்கள் தெருவில் அந்தப் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டோடு பேச்சு நின்றது அதனால்தான்.

செயலாளர் சார், அதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

மனைப்பிரிவுச் செயலாளர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

தானப் பத்திரம் கிடைத்தது. இடம் 21 சென்ட். அளந்ததில் வடக்கு ஓரம் நான்கடி உள்ளே ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் எங்கள் சங்கத்தின் பொருளாளர். முதலில் முகம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்து அவரே ஆள் வைத்து இடித்து, தள்ளிக் கட்டிக்கொண்டார். இதை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் யார் என்று அந்தத் தங்கை கேட்டது எங்களைத் தூங்க விடவில்லை. தெற்கே செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்கள் 13 இருக்கின்றன. கேட்டை எங்கள் தெருப் பக்கம் மட்டும் வைப்பதாகத்தான் வரைபடம் போட்டிருந்தோம். தெற்கிலும் ஒரு கேட் சேர்த்து வரைந்து கொடுத்திருக்கிறோம். கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பும் வந்தது. ஒரு அம்மா பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். பாம்பு கடித்த பையனின் தாத்தா எழுந்து, அன்றைக்கு என் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது சூளைக்காரப் பையன்தான் என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தராதவர் பிள்ளையையும் தடுக்கக் கூடாது என்று தீர்மானத்தில் எழுதிவிட்டோம் சார்.

புல்தரையை எடுத்துவிட்டோம். போரும் இப்போதைக்கு இல்லை, பக்கத்து இரண்டு போரில் மார்ச்சிலேயே தண்ணீர் இறங்கிவிடுகிறது என்றார்கள். மழைநீர்க் குழி, மண் பாதை, வேலி, விளக்கு, வேம்பு, புங்கன், நாவல். பொறியாளர் போட்ட எஸ்டிமேட் இப்போது 6 லட்சத்து 30 ஆயிரம். எங்கள் பங்கு 2,10,000. 86 மனைக்கும் பிரித்தால் 2,442 ரூபாய், 2,500 என்று வைத்திருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்கவில்லை, உரிமையாளரிடம்தான். கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டோம், 9 வாடகைக் குடும்பங்கள் வந்தன. மிச்சம் ஏதாவது வந்தால் பராமரிப்புக் கணக்கில் இருக்கும்.

வாட்ஸப்பில் கணக்கை அனுப்பிய மூன்றாம் நாள், போனே எடுக்காத காலி மனைக்காரர்கள் 14 பேர் கட்டிவிட்டார்கள். இதுவரை 71 மனை வந்திருக்கிறது. மீதிப் பதினைந்தில் இரண்டு வீடு நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவர்கள், அவர்களை விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.

கிருஷ்ணகிரி அண்ணா, அந்தப் பலகைக் கல் எட்டு வேண்டும், ஆறடி நீளம். பட்டறை இருக்கும் இடத்தை மட்டும் தனிச்செய்தியில் சொன்னால் வருகிற ஞாயிறே டெம்போ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

அவதானப்பட்டி வழி

சனிக்கிழமை சாயந்திரம் நானே போய்ப் பார்த்து ஓரம் உடையாத கல்லாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். ஆறடிக் கல்லுக்கு இருபக்கமும் பிடிக்க ஆறு பேராவது வேண்டும். ஆளோடு வாருங்கள், வைக்கோலும் கயிறும் மறக்காமல்.

வாடகை வீடு

ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை. நானும் வரலாமா அண்ணா? பாலக்கோட்டில் ஏறிக்கொள்கிறேன்.